தீப்பெட்டியா, பனியனா, செல்போனா, காரா: கோவில்பட்டிப் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறுவது?

என் தங்கச்சி மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருக்கிறாள். அரியர் ஒன்றும் இல்லை. ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே பேச்சு தொடங்கிவிட்டது. தங்கச்சியின் நாத்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "இங்க அனுப்பி விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். கூடப் படித்த நாலைந்து பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். தூத்துக்குடியில் கார் கம்பெனி வந்திருக்கிறதே, அதுதானே பக்கம் என்கிறார் அவளுடைய அப்பா. ஆச்சி மட்டும், "பொம்பளப் பிள்ள எதுக்கு ஊரு விட்டு ஊரு போகணும், தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதட்டும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினொரு வருஷம் திருப்பூரில் பவர் டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான். இப்போது கோவில்பட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக் எடுக்க, பணம் கிளெய்ம் பண்ண, வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட என்று தினமும் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நோட்டீஸில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பாஸ்புக்கில் எழுத முடியாது. அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு விஷயம் உறுதிப்பட்டிருக்கிறது. பழைய தொழில், புதிய தொழில் என்று பிரித்துப் பேசி நேரத்தை வீணாக்குகிறோம். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, மூன்றாம் வருஷம் அந்தப் பிள்ளை அங்கே என்னவாக இருக்கும், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பார்க்கிறேன்.

ஊரோடு இருந்துவிடலாமா?

எங்கள் பக்கம் கரிசல் பூமி. மழையை நம்பின வெள்ளாமை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியது 1922-23 வாக்கில். அதிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, வானம் பொய்த்த வருஷங்களில் இந்த ஊர்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தத் தொழில்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

என் தங்கச்சி பத்து வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்குகிறாள். எங்கள் பக்கம் ஆலையைத்தான் ஆபீஸ் என்போம். விடியுமுன் ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன காலம் அது. சிறுவர்களை இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது, வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. இப்போதும் அவள் அடுக்குவதைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். குச்சியை ஒரு கையள்ளு எடுத்துச் சட்டத்தின்மேல் உதறி, விரல் நுனியால் ஒரு தடவு தடவினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி உட்கார்ந்துவிடும். கண் டிவியில் இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் ரேகையே தேய்ந்துபோய், ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரலை வைத்துத்தான் பொருள் வாங்குகிறாள்.

அந்தக் கைக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. முழு மிஷின் வைத்த ஆலைகள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் லைட்டர் ஒரு பக்கம். 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது, அதுவும் 14 வருஷம் கழித்து. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் தடை வந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் தங்கச்சிக்குச் சில மாதங்களில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. கணக்கு எழுதும் வேலை ஒரு ஆபீஸுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும், அதிலும் ஏற்கெனவே ஆள் உண்டு.

பட்டாசு ஆபீஸில் கூலி கூடுதல். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2025 ஜூலை 1-ஆம் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும். இடையில் நடந்தவற்றை எழுத இந்தப் பக்கம் பத்தாது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் போட்ட தடைக்குப் பிறகு அங்கேயும் வேலை சுருங்கிப்போனது.

உள்ளூரில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள்: சிவகாசி அச்சகங்கள். இன்றைய ஆப்செட் மிஷின் பாதி கம்ப்யூட்டர். எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஒரு பையனாக இருந்தால் நான் முதலில் அங்கேதான் கூட்டிப்போயிருப்பேன். பெண் பிள்ளைகளைப் பைண்டிங்குக்கு உடனே எடுப்பார்கள். மிஷின் மெயின்டனன்ஸுக்கு என்று கேட்டுப் பார்த்த இரண்டு இடத்திலும் யோசித்தார்கள். இது மாற வேண்டும். இவள் அதற்காக இரண்டு வருஷம் காத்திருக்க முடியாது.

அப்புறம் விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். நன்றாக வரட்டும். ஆனால் பூங்காவை நம்பி இந்த ஜூன் மாதம் ஒரு முடிவு எடுக்க முடியாது.

திருப்பூர்

திருப்பூரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதிகம், அதனால் பாசமும் அதிகம். காலை எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் மரியாதையில்லாமல் பேசினால், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த தெருவில் உட்கார்ந்துவிடலாம். ஓவர்லாக்கோ பவர் டேபிளோ ஓட்டத் தெரிந்த கைக்கு அந்த ஊரில் எங்கேயும் ஸ்டூல் உண்டு. தொழில் கம்பெனியிடம் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. திருப்பூரின் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பலவீனமும் எனக்குத் தெரியும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. சாயம் போடாமல் துணி எப்படி வரும், துணி வராமல் நான் எதைத் தைப்பேன்? மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையில் ஓட்டினேன். பட்டறைகளை மூடியது சரிதான், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று மாத வாடகையை யாரும் எனக்குத் தரவில்லை. அதே மாதிரி 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதி கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. அமெரிக்காவில் ஒரு கையெழுத்து விழுந்தால் அவிநாசி ரோட்டில் ஓவர்டைம் போய்விடுகிறது.

பி.எஃப்.? பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் பிடிப்பார்கள். மற்ற கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் கேட்டால் சிரிப்பார்கள். என் பதினொரு வருஷத்தில் பாஸ்புக்கில் ஏறியது நாலு வருஷம்தான். பத்து வருஷம் பி.எஃப். கட்டியவருக்குத்தான் பென்ஷன் கிடைக்கும் என்று நான் தெரிந்துகொண்டது கடை வைத்த பிறகு.

என் மருமகளுக்குத் திருப்பூர் ஒத்துவராது. வேலை மட்டம் என்பதால் இல்லை, மூன்று வருஷம் படித்த படிப்புக்கு அங்கே இடம் குறைவு. செக்கிங்கில் ஆரம்பித்து, நன்றாக வந்தால் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பக்கம் போகலாம். அதற்கு அவள் வேறு படிப்பு படித்திருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும்

தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2021-22-ல் சுமார் 186 கோடி டாலர். 2024-25-ல் சுமார் 1,465 கோடி டாலர். மூன்றே வருஷம். இந்தியாவில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்காக, அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். எங்கள் பக்கத்தில் சில கிராமங்களைச் சேர்த்தால்கூட அத்தனை ஜனம் தேறாது. வேலை எங்கே பெருகுகிறது என்று கேட்டால், இதோ இங்கேதான். அதில் சந்தேகமே இல்லை.

சரி, அந்த விடுதி ஏன் வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொன்னேன். 2021 டிசம்பரில் தங்குமிடச் சாப்பாட்டால் 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்பு கெட்டது. கூட வேலை பார்த்த பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்து ஜனவரியில் திறந்தது. 2024 ஆகஸ்டில் இந்த விடுதி திறக்கப்பட்டது. ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பாஸ்புக் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கல்யாணச் செலவுக்கு பி.எஃப். எடுக்க வந்தாள். இரண்டே முக்கால் வருஷம் ஒரே ஆலை, ஒரே லைன், ஒரே ஸ்டூல். ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று முதலாளிகள். மூன்றும் ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் பதினொரு மாதம், பத்து மாதம் என்று கணக்கு. ஆலையின் பெயர் எங்கேயும் இல்லை. முதல் இரண்டு இடத்தில் வேலையை விட்ட தேதியையே யாரும் ஏற்றவில்லை. அது ஏறாமல் அந்தக் கணக்குகளை மாற்றுவதும் எடுப்பதும் சிக்கல். காண்ட்ராக்டர் நம்பருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அந்தப் பெண் அழவில்லை. "அப்ப நான் அங்க வேலையே பாக்கலையாண்ணே?" என்று கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

தமிழ்நாட்டில் 1981-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். முதலாளி பெயர் வருஷத்துக்கு ஒன்றாக மாறினால், அந்த நாள்கணக்கைக் காட்டிக் கேட்கப் பிள்ளையிடம் காகிதம் இருக்காது. இதே ஆலைகளில் கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில், இருக்கிறவர்களின் நிலைமை வேறு. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவானது. சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர் இருப்பவர்தான் 37 நாள் வெளியே உட்கார முடியும். காண்ட்ராக்ட் பிள்ளையை மறுநாள் காலை வண்டியில் ஏற்றாமல் விட்டாலே போதும்.

கம்பெனி ரோல் என்றால் ஆயுசுக்கும் பயமில்லை என்றும் சொல்லிவிட மாட்டேன். நோக்கியா 2006-ல் அதே ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது, ஒரு கட்டத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர். வரி வழக்கில் சொத்து முடங்கியதால், மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆர்டர் வற்றி 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடினார்கள். இருபத்தைந்து வயதில் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு ஒரு தொகையாவது கிடைத்தது, வேலை பார்த்த சான்றும் கையில் இருந்தது. அந்த வளாகத்திலேயே பிற்பாடு சால்காம்ப் என்ற கம்பெனி சார்ஜர் செய்ய வந்தது. ஆலை திரும்ப வந்துவிடுகிறது. அதே ஆளைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.

ஓசூரைத் தனியாக எழுதுவதற்கு அதிகம் இல்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று நாற்பது வருஷமாக ஆலை கண்ட ஊர். இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸும் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகளும் சேர்ந்திருக்கின்றன. அங்கே ஒரு நல்லது, ஒரு கம்பெனி சரியில்லை என்றால் வேறு வகைத் தொழிலுக்கே மாறலாம்: செல்போனிலிருந்து வாட்ச், வாட்சிலிருந்து வண்டி. எங்களுக்கு அது ஸ்ரீபெரும்புதூரைப் போலவே ஒரு ராத்திரிப் பயணம். குளிர் தாங்க வேண்டும்.

தூத்துக்குடி

வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. சிலாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கர். முதலில் வருஷத்துக்கு 50,000 மின்சாரக் கார். எட்டயபுரம் வழியாக ஒன்றரை மணி நேரம். வாரக் கடைசியில் வீட்டுச் சாப்பாடு. தங்கச்சி முகம் தூத்துக்குடி என்றதும் மலர்ந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். அங்கே எதிர்பார்ப்பதாகச் சொன்னது 3,000 முதல் 3,500 வேலைகள். ஒரு மாவட்டத்துக்கு அது நல்ல எண்ணிக்கைதான், உப்பளத்தையும் துறைமுகத்தையும் தீப்பெட்டியையும் நம்பியிருந்த மாவட்டம் இது. ஆனால் டிப்ளமோ முடித்த அத்தனை பிள்ளைகளும் அதே வாசலில் நிற்பார்கள். கார் ஆலையில் வெல்டிங்கையும் பெயிண்டையும் பெரும்பாலும் ரோபோ பார்க்கும். ஆளுக்கு இருக்கும் வேலையில் அந்த ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் வேலை முக்கியம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு அது சரியான இடம். செல்போன் லைனில் மூன்று வருஷம் ஸ்க்ரூ முடுக்கினால் ஸ்க்ரூ முடுக்கத் தெரியும். இங்கே மூன்று வருஷம் நின்றால் பேட்டரி, மோட்டார், சென்சார் என்று எதையாவது தொட்டிருப்பாள்.

பயமும் உண்டு. புது நாட்டுக் கம்பெனி, புது வண்டி, இந்தியாவில் இனிமேல்தான் விற்றுக் காட்ட வேண்டும். மறைமலை நகரில் ஃபோர்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓடி, 2022-ல் கார் செய்வதை நிறுத்தியதை மறக்கவில்லை. இருந்தாலும் இருபது வயதுக்கு அந்த ரிஸ்க்கை எடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூடினாலும் கற்றது கூட வரும், ஓசூரில் அதற்கு வேலை இருக்கும்.

நாற்பத்திரண்டு வயதுக்கு எந்த பஸ்?

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோது தங்கச்சி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல எனக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றாள். சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டாள். இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

புதிய ஆலைகள் கூப்பிடுவது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளை. ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தீப்பெட்டியில் வேலை போகிறது, செல்போனில் வேலை வருகிறது, கூட்டிக் கழித்தால் லாபம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போகிற வேலை அம்மாவுடையது, வருகிற வேலை மகளுடையது. அம்மாவின் மீதி பதினைந்து வருஷத்தை எந்தக் கணக்கும் எடுத்துக்கொள்வதில்லை.

வயதையும் தாலியையும் பார்க்காமல் வேலை கொடுக்கிற ஊர் இந்தப் பட்டியலில் திருப்பூர் ஒன்றுதான். கைமடி என்கிற உதவியாள் வேலைக்கும் செக்கிங்குக்கும் நாற்பது வயதுப் பெண்கள் அங்கே நிறைய. குச்சி அடுக்கிப் பழகின விரலுக்குத் துணி அடுக்குவது ஒரு வாரத்தில் வந்துவிடும். நாத்தனார் கூப்பிட்டது மகளை. போகப் பொருத்தமானவள் அம்மா. மகள் சம்பாதிக்கத் தொடங்கி, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், அடுத்த வருஷம் தங்கச்சி ஆறு மாதம் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தங்கச்சி மாப்பிள்ளை இன்னும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் எப்படி முடிவு செய்தோம்

முதலில் தூத்துக்குடி. அது கிடைக்காவிட்டால் கம்பெனி ரோலில் ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ. காண்ட்ராக்டர் வழியாக என்றால் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் வேண்டாம், அதற்குப் பதில் ஆறு மாதம் வீட்டிலிருந்து வேறு ஏதாவது கற்றுக்கொள்ளட்டும்.

போனில் என்ன கேட்பது என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆஃபர் லெட்டரில் யார் பெயர்? அப்ரண்டீஸா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா, நிரந்தரமா? அப்ரண்டீஸ் சட்டப்படி பயிற்சிக்கு எடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) கிடையாது என்பதைத் தெரிந்தே சேர வேண்டும். கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தால், 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடை உண்டு, முன்னே மாதிரி ஐந்து வருஷம் வேண்டாம். விடுதி, சாப்பாடு, பஸ் என்று எவ்வளவு பிடிப்பார்கள்? அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப்.புக்கு 1,800 போகும், அது நம் பணம்தான், பிடிக்கட்டும். மற்ற பிடித்தம் எல்லாம் போன பணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த ஒரு டிப்ளமோ பிள்ளை இப்போது என்ன வேலையில் இருக்கிறாள்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்கச் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்ரீபெரும்புதூர் ஏஜென்ட் முதல் கேள்வியிலேயே, "அதெல்லாம் மொதல்ல வந்து சேரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, அந்த நம்பரின்மேல் ஒரு கோடு போட்டாள். தூத்துக்குடிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாயிற்று. ஓசூரில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். அம்மா மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார். கம்பெனி ரோல்தான், மூன்று வருஷ ஒப்பந்தம், எழுத்துத் தேர்வு உண்டு, தேதி மெயிலில் வரும் என்றார். மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இப்போது லைன் டெக்னீஷியன் என்றார்.

"மாமா, டெக்னீஷியன்னா மிஷினைத் திறக்க விடுவாங்கள்ல?" என்று கேட்டாள்.

விடுவார்கள் என்றேன். மெயில் இன்னும் வரவில்லை. தினமும் கடையைச் சாத்தும் நேரத்துக்கு வந்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.